பூட்டிய கதவுக்குச் சராசரி

1

முதலில் ஒரு வாக்குமூலம். இது கதையாகப் பிறக்கவில்லை. ஒரு பத்திரிகைக்காரர் என்னிடம் பராமரிப்பு பற்றி இரண்டு பக்கத்துக்குக் கட்டுரை கேட்டார். வயதானவர்களைப் பராமரிப்பது பற்றி வயதான ஒருவரே எழுதினால் பொருத்தமாக இருக்குமாம். பொரிக்கப்போகும் மீனிடம் எண்ணெயைப் பற்றிக் கருத்துக் கேட்கிற மாதிரி இருந்தது. ஆனாலும் ஒப்புக்கொண்டேன். எனக்கு மறுக்கத் தெரியாது. தாமதிக்க மட்டும்தான் தெரியும்.

பராமரிப்பு என்று எழுதி அடியில் கோடு போட்டேன். கோடு நன்றாக வந்தது. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. யோசித்துப் பார்த்தால், என் வாழ்நாளில் அந்தச் சொல்லை யாரும் என்னிடம் வாயால் சொன்னதே இல்லை. அது பலகைகளிலும் படிவங்களிலும் குடியிருக்கிற சொல். லிஃப்ட் நின்றுபோனால் கதவில் தொங்கவிடுவார்கள்: பராமரிப்புப் பணி நடைபெறுகிறது. வீட்டுக்குள் நடமாடுகிற சொல் வேறு. பாத்துக்கோ. பாத்துக்கோங்க. பாத்துக்கறேன். பாத்துக்கலாம்.

சரி, அதையே எடுத்துக்கொள்வோம் என்று முதல் சொல்லை அடித்துவிட்டு இரண்டாவதை எழுதினேன். மூன்றாவது வரியில் ஒரு மனிதர் கையில் நோட்டோடு உள்ளே வந்துவிட்டார். கட்டுரைக்குள் ஆள் நுழைந்துவிட்டால் பிறகு அது கட்டுரை இல்லை. போகச் சொன்னேன். மணி என்ன என்று கேட்டுவிட்டு அங்கேயே நின்றார்.

2

தொடக்கத்துக்கு மூன்று முறை முயன்றேன். கிழித்துப் போட மனம் வரவில்லை. நீங்களும் பாருங்கள்.

"பார் என்னும் வினையோடு கொள் என்னும் துணைவினை சேரும்போது செயலின் பயன் செய்கிறவரையே" (இதை எழுதுகிறபோதே கொட்டாவி வந்தது.)

"மாலை வெயில் ஜன்னல் வழியே நுழைந்து அக்காவின் நீண்ட வெள்ளிக் கூந்தலில்" (அக்கா யார் என்பது பின்னால் வரும். முடியைக் கட்டையாக வெட்டியிருக்கிறாள். அந்த ஜன்னலுக்கு வெயிலும் வராது. எதிரே ஏழு மாடி நிற்கிறது.)

"மகள் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: மாமா, அம்மாவப் பாத்துக்கோங்க."

இது நிற்கும். ஏனென்றால் இந்தச் சொல்லைப் பெரும்பாலும் செருப்பை மாட்டிக்கொண்டேதான் சொல்கிறார்கள். கவனித்துப் பாருங்கள். இருக்கிறவர் சொல்வதில்லை, போகிறவர்தான் சொல்கிறார். சொல்லி முடித்ததும் அவர் தோளில் இருந்தது நம் தோளுக்கு வந்துவிடும். அவர் படியிறங்கிவிடுவார்.

இதை முதன்முதலில் சொன்னவர் யார் என்று எனக்குத் தெரியும். (தெரியாது. யாருக்கும் தெரியாது. ஆனாலும் சொல்கிறேன், அகராதிக்காரர்களுக்கு எழுதிப் போட்டுவிடாதீர்கள்.) அடுப்பில் பால் வைத்த ஒருவர். திடீரென்று வெளியே போக வேண்டிய அவசரம். பக்கத்தில் சும்மா நின்றவனிடம் "பார்த்துக்கொள்" என்று சொல்லிவிட்டு ஓடினார். நின்றவன் பார்த்தான். பால் பொங்கியதைப் பார்த்தான், வழிந்ததைப் பார்த்தான், அடுப்பு அணைந்ததைப் பார்த்தான். ஓடினவர் திரும்பி வந்து கேட்டபோது ஒன்று விடாமல், நேரம் உட்பட ஒப்பித்தான். அன்றிலிருந்துதான் அதே சொல்லை மிரட்டவும் வைத்துக்கொண்டார்கள்.

அந்தச் சும்மா நின்றவனுக்குத் தூரத்து உறவு என்று சொல்லலாம், நோட்டோடு வந்த நம் மனிதரை.

3

அவருக்கு அறுபத்தாறு வயது. முப்பத்துநான்கு வருடம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரைப் பார்த்து எண்ணைக் குறித்துவந்தவர். எல்லோரும் ரீடிங்காரர் என்றார்கள். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பெயர் ஓய்வு பெறவில்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், கதவு திறந்ததும் மீட்டர் எங்கே என்று கேட்டே வாய் பழகிவிட்டது, வேறு எதுவும் கேட்க வரவில்லை என்பார்.

அவர் தொழிலில் இரண்டு விதி. ஒன்று, பார்க்கலாம், தொடக்கூடாது. மீட்டர் மேல் ஒட்டடை இருந்தாலும் கழுத்தை வளைத்துத்தான் எண்ணைப் படிக்க வேண்டும். இரண்டாவது, கதவு பூட்டியிருந்தால் மூன்று முறை தட்ட வேண்டும். ஒவ்வொரு தட்டுக்கும் மனதுக்குள் பத்து எண்ண வேண்டும். மூன்றாவது பத்தும் தீர்ந்தால் 'பூ' என்று குறித்து, அதாவது பூட்டு, முந்தைய மூன்று ரீடிங்கின் சராசரியைப் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்கு நடையைக் கட்டலாம். நாலாவது முறை தட்டுவது விதியில் இல்லை.

(ஒரு சம்பவம் சொல்கிறேன். உண்மையா என்று கேட்காதீர்கள். அவரே சொன்னது. அவர் என்றால், அவரை எழுதுகிற நான்தான்.) ஒரு வீடு தொடர்ந்து பதினோரு மாதம் பூட்டியே கிடந்தது. பதினோரு மாதமும் மூன்று தட்டு, ஒரு பூ, ஒரு சராசரி. பன்னிரண்டாவது மாதம் காற்று கொஞ்சம் பலமாக அடித்தது. தட்டின கதவு அப்படியே பின்பக்கம் சாய்ந்து விழுந்தது. அந்தப் பக்கம் வீடு இல்லை. எட்டு மாதத்துக்கு முன்பே இடித்துத் தரைமட்டமாக்கியிருந்தார்கள். கதவையும் நிலையையும் மட்டும் யாரோ எடுத்துப்போக வருவதாகச் சொன்னதால், பூட்டோடு நிறுத்திவைத்திருந்தார்கள். இல்லாத வீடு எட்டு மாதம் விளக்கெரித்திருக்கிறது, மின்விசிறி ஓட்டியிருக்கிறது, துணி தேய்த்திருக்கிறது. மாதாமாதம் ஒரு யூனிட் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அவ்வளவு கட்டுப்பாடான குடும்பம்.

மேலதிகாரி கூப்பிட்டுக் கேட்டதற்கு ரீடிங்காரர் ஒரே பதில்தான் சொன்னார்.

"கதவு இருந்துச்சு சார்."

4

கதையை அதற்குள் ஓடவிட எனக்குப் பயமாக இருக்கிறது. சொல்லுக்குத் திரும்புகிறேன், அங்கே யாரும் விழமாட்டார்கள்.

பழைய தமிழில் இந்த வேலைக்குச் சொல் பஞ்சமே இல்லை. பேணுதல், ஓம்புதல், புரத்தல். பேணுதல் என்றால் காப்பது மட்டும் இல்லை, விரும்புவதும் அதுதான். இரண்டும் ஒரே மூச்சில் நடக்கும் என்று நம்பின காலம் போலிருக்கிறது. ஓம்புதல் இப்போது விருந்தாளி வந்தால் மட்டும் தலைகாட்டுகிறது. செவிலி அன்று பெற்றவளுக்குப் பதிலாகப் பெண்ணை வளர்த்த தாய். இன்று மருத்துவமனையில் ஊசியோடு வருகிறாள், பெயரை மட்டும் விடாமல் வைத்திருக்கிறாள்.

பேச்சிலோ நாம் இத்தனையையும் விட்டுவிட்டுக் கண்ணைப் போய்ப் பிடித்துக்கொண்டோம். டாக்டர் பார்க்கிறார், வக்கீல் வழக்குப் பார்க்கிறார், மருத்துவச்சி பிரசவம் பார்க்கிறாள், மற்றவர்கள் வேலை பார்க்கிறார்கள். சமையல் பார்க்கிறவர் கண்ணால் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் அன்று வீட்டில் எல்லோரும் பட்டினி. தமிழில் பார்ப்பது என்றால் கை நனைவது.

அப்புறம் அந்தக் கொள். "இந்தப் பாத்திரம் எவ்வளவு கொள்ளும்?" என்று கேட்கிறோமே, அந்தக் கொள்தான். பார்த்ததை எடுத்து உனக்குள் வை என்கிறது சொல். உள்ளே எவ்வளவு இடம் இருக்கிறது என்று அது விசாரிப்பதில்லை. (இலக்கணம் தெரிந்தவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். துணைவினை என்ற ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். அவர்களுக்கு வேறு வேலை இருக்கிறது. எனக்கு இல்லை.)

ரீடிங்காரர் இருமுகிறார். மணி பத்து. பத்து மணி ரீடிங் எடுக்க வேண்டுமாம்.

5

(எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தேன். உட்கார்ந்தேன். திரும்பவும் எழுந்துபோய்த் திறந்தேன்.)

6

அக்கா என்றால் ரீடிங்காரரின் சொந்த அக்கா. எழுபத்தொரு வயது. மருத்துவமனையில் முப்பது வருடம் எக்ஸ்ரே எடுத்தவள். மூச்சை இழு, பிடி, அசையாதே, விடு. இந்த நான்கு கட்டளைகளால் ஒரு நகரத்தையே ஆண்டவள். கணவர் போய்ப் பல வருடம் ஆகிறது. நான்கு மாதத்துக்கு முன் ஒரு காலை பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது இடது கையும் இடது காலும் சொன்ன பேச்சைக் கேட்காமல் போயின. இப்போது நாலுகால் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். மெதுவாகத்தான். ஆனால் போகிற இடத்துக்குப் போய்விடுவாள்.

மகளுக்கு ஒன்பது மணி நேர ரயில் தூரத்தில் வேலை. விமான நிலையத்தில், பயணிகளின் பெட்டிகள் வேறு ஊருக்குப் போய்விடாமல் மேற்பார்வை செய்கிற வேலை. ஆறு வாரம் விடுப்பு எடுத்து அம்மாவோடு இருந்தாள். விடுப்பு தீர்ந்தது. மாமா ஒரு பையோடு வந்து இறங்கினார். அவள் ஒரு கட்டம் போட்ட நோட்டை அவர் கையில் கொடுத்துவிட்டுச் செருப்பை மாட்டினாள். அப்புறம்தான் அந்தச் சொல்.

நோட்டைப் பார்த்ததும் ரீடிங்காரருக்கு வாலிபம் திரும்பிவிட்டது. காலை எட்டிலிருந்து இரவு எட்டு வரை இரண்டு மணிக்கு ஒரு ரீடிங். பிரஷர், காய்ச்சல், தண்ணீர், சாப்பாடு, மாத்திரை, தூக்கம். தெர்மாமீட்டரை அவர் மிக மரியாதையோடு பிடிப்பார், பெயரிலேயே மீட்டர் இருப்பதால். தண்ணீர் டம்ளரில் கோடு கிழித்து வைத்திருந்தார். காலையில் அக்காவைக் குளிப்பாட்ட ஒரு பெண் வந்து போவாள். மற்றதெல்லாம் இவர்தான். சமைத்தார், துணி துவைத்தார், மாத்திரையை ஒரு நிமிடம் பிந்தாமல் நீட்டினார். அக்காவின் கையை மட்டும் பிடித்ததில்லை. தினமும் எட்டரைக்கு அன்றைய பக்கத்தைப் போனில் படமெடுத்து மருமகளுக்கு அனுப்புவார்.

(மருமகள் என்றால் அக்கா மகள். மாமனுக்கு அவள் மருமகள்தான். குழம்ப வேண்டாம்.)

அக்கா ஒரு நாள் கேட்டாள்.

"டேய், எனக்கு எவ்வளவு ஓடியிருக்கு?"

"நூத்தி முப்பதுக்கா."

"பில் எப்ப வரும்?"

அவர் சிரிக்கவில்லை. யோசித்தார். அவர் யோசிப்பதைப் பார்த்து அவளும் சிரிக்கவில்லை. அவர் வந்ததிலிருந்து அந்த வீட்டில் யாரும் சிரித்ததாக நோட்டில் இல்லை. அதற்குக் கட்டமும் இல்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நகரத்தின் மறு கோடியில் ஒரு முதியோர் இல்லம். அங்கே ஒரு கட்டில் காலியாகியிருந்தது. நடத்துகிற அம்மா அதைச் சனிக்கிழமை மாலை ஐந்து மணி வரை நிறுத்திவைப்பதாக மகளிடம் சொல்லியிருந்தார். மகள் போனில் சொன்னாள்: சனிக்கிழமை நானே வர்றேன் மாமா, நோட்ட மொத்தமாப் பாத்துட்டு முடிவு பண்ணிக்கலாம். வீட்டிலேயே சரியாக நடக்கிறது என்றால் அக்கா இங்கேயே. இல்லையென்றால் அங்கே.

அன்றிலிருந்து ரீடிங்காரருக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அக்கா போய்விட்டால் அவர் திரும்பிப் போக வேண்டியது ஒற்றை அறைக்கு. அங்கே எட்டு மணிக்கும் பத்து மணிக்கும் வித்தியாசம் இல்லை. அந்த அறைக்கதவை முதல் தட்டுத் தட்டவே ஆள் கிடையாது. எண்களைச் சரிபார்த்தார். சரியாக இருந்தன. திரும்பவும் சரிபார்த்தார்.

அக்காவை மட்டும் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நானும்தான். நீங்கள் கேட்டீர்களா?

7

புதன்கிழமை மதியம் இரண்டு மணிக்கு ரீடிங்காரர் தெர்மாமீட்டரோடு போனபோது அக்காவின் அறை உள்ளே தாழிட்டிருந்தது.

தட்டினார். பத்து எண்ணினார். தட்டினார். பத்து. மூன்றாவது முறை கொஞ்சம் பலமாகத் தட்டினார். எண்ணும்போது எட்டில் சற்று நிறுத்தினார், எட்டேகால் என்று ஒன்று இருந்தால் நன்றாக இருக்குமே என்பது போல. பத்து ஆனது. சத்தம் இல்லை.

நல்ல தூக்கம் என்று நினைத்தார். எழுப்பினால் திட்டுவாள். கூடத்துக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். இரண்டு மணிக் கட்டம் வெறுமையாக அவரைப் பார்த்தது. பல்லில் ஒன்று விழுந்த மாதிரி, அந்த வரிசையில் ஒரு ஓட்டை. சனிக்கிழமை இதைத்தான் முதலில் கேட்பாள். பேனாவை எடுத்து ஓரத்தில் சிறியதாக 'பூ' போட்டார். பிறகு திங்கள், செவ்வாய், அன்று காலை, மூன்றையும் கூட்டி வகுத்தார். பிரஷர் 130, 80. காய்ச்சல் இல்லை. தண்ணீர் நூற்றைம்பது மில்லி. ஓய்வு.

நாலு மணிக்கும் கதவு அப்படியே. மூன்று தட்டு. 'பூ'. பிரஷர் 130, 80. ஓய்வு.

ஆறு மணிக்குக் கதவு திறந்திருந்தது. அக்கா கட்டிலில் உட்கார்ந்து டீ கேட்டாள். முகம் கொஞ்சம் சிவந்திருந்தது. தூங்கி எழுந்த முகம் என்று ரீடிங்காரர் முடிவு செய்தார்.

என் முதல் பிரதியில் இந்த இடத்தில் ஒரு வாக்கியம் இருக்கிறது. அடிக்காமல் அப்படியே தருகிறேன்: "அன்று மதியம் முழுவதும் அக்கா குழந்தையைப் போல அமைதியாக உறங்கினாள்."

அழகாக எழுதிவிட்டதாக நினைத்துத் தண்ணீர் குடிக்கப் போனேன்.

8

மகளைப் பற்றி எனக்குக் கொஞ்சம் சந்தேகம் இருந்தது. முதலில் அவளைப் பொல்லாதவளாக்கியிருந்தேன். கறுப்புக் கண்ணாடி மாட்டிவிட்டேன். போனில் பேசும்போது நகத்தைப் பார்க்க வைத்தேன். எழுதுவதற்குச் சுலபமாக இருந்தது, அதனாலேயே சந்தேகம் வந்தது. ஆறு வாரம் அம்மாவுக்குக் கால் கழுவிவிட்டவள் அவள்தான். ரயிலில் ஏறி உட்கார்ந்ததும் அழுதாளா, அல்லது அப்பாடா என்று மூச்சு விட்டாளா? இரண்டையும் செய்திருப்பாள். கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டேன்.

சனிக்கிழமை அவள் நேராக வீட்டுக்கு வரவில்லை. ரயிலை விட்டு இறங்கியதும் இல்லத்துக்குப் போய்க் கட்டிலைப் பார்த்துவிட்டு, மூன்று மணிக்கு வந்து சேர்ந்தாள். பையை வைத்தாள். உட்காரவில்லை. நோட்டை எடுத்துப் புதன்கிழமையைத் திருப்பினாள்.

"மாமா, புதன்கிழமை மத்தியானம் அம்மா என்ன பண்ணாங்க?"

ரீடிங்காரர் நோட்டைப் பார்க்காமலே ஒப்பித்தார். இரண்டு மணிக்கு ஓய்வு, நூற்று முப்பது எண்பது, தண்ணீர் நூற்றைம்பது. நாலு மணிக்கும் அதேதான்.

"மூணு மணிக்கு அம்மா இல்லத்துல இருந்தாங்க மாமா."

நாற்காலியில் இருந்த அக்கா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டாள்.

இல்லத்து அம்மா சொன்னதை மகள் அப்படியே சொன்னாள். டாக்ஸியில் வந்தாராம், டிரைவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தாராம். என்னை எங்கே போடப்போறீங்கன்னு பாக்க வந்தேன் என்றாராம். குளியலறையைத் திறந்து காட்டச் சொல்லி, கைப்பிடியை இந்த உயரத்தில் வைத்த புத்திசாலி யார் என்று கேட்டாராம். கட்டிலில் உட்கார்ந்து பார்த்தாராம். கதவுக்கு உள்தாழ்ப்பாள் எங்கே என்றாராம். பாதுகாப்புக்காக இங்கே எந்த அறைக்கும் உள்தாழ்ப்பாள் வைப்பதில்லை என்றதும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லையாம். அப்புறம் கூடத்தில் இரண்டு அம்மாக்களோடு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாராம்.

"அம்மா சிரிச்ச சத்தம் ஆபீஸ் ரூம் வரைக்கும் கேட்டுச்சாம்."

"சிரிச்சாளா?" என்றார் ரீடிங்காரர்.

எப்படி இறங்கிப் போனாய் என்று மகள் கேட்க, அக்கா விளக்கினாள். அறைக்கதவை உள்ளே தாழிட்டுவிட்டு, பால்கனிக் கதவு வழியாகப் பின்பக்க நடைக்குப் போய், லிஃப்டில் இறங்கி, வாசலில் இருக்கிற காவலாளியிடம் டாக்ஸி பிடிக்கச் சொன்னாளாம். ஐந்தரைக்கு அதே வழியாக வந்துவிட்டாளாம்.

"மாமா தட்டியிருந்தா என்னம்மா பண்ணியிருப்ப?"

"தட்டுவான். மூணு தட்டு தட்டிட்டுப் போயிடுவான். எனக்குத் தெரியாதா?"

அதில் கோபமே இல்லை. இருந்திருந்தால் ரீடிங்காரருக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

மகள் நோட்டின் ஓரத்தில் விரலை வைத்தாள். இது என்ன, பூ?

"போட்டோல பாத்தப்போ அம்மாவுக்குப் பூ வாங்கிக் குடுத்திருக்கீங்கன்னு நெனச்சேன் மாமா."

"பூட்டும்மா. பூட்டியிருந்தா சராசரி போடணும்."

"மனுஷிக்கா மாமா?"

ரீடிங்காரருக்காக இந்த இடத்தில் நான் நான்கு பதில்கள் எழுதி வைத்திருந்தேன். ஒன்று மிக நன்றாகவே இருந்தது, உங்களுக்குத் தொண்டை அடைத்திருக்கும். நான்கையும் அவரிடம் நீட்டினேன். ஒன்றையும் வாங்கவில்லை. வாயை லேசாகத் திறந்தபடி நோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். இடிந்த வீட்டின் முன்னால் விழுந்த கதவைப் பார்த்துக்கொண்டு நின்றது போல.

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. குழந்தையைப் போல அமைதியாக உறங்கினாள் என்று எழுதியது அவர் இல்லை, நான். நான் அந்த அறைக்குள் போகவே இல்லை. வயதான பெண், மதியம், மூடிய கதவு. மூன்றையும் கூட்டி வகுத்தேன், உறக்கம் என்று விடை வந்தது. அதை நீங்களும் நம்பினீர்கள். உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை.

மகள் அம்மாவின் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். குரல் களைத்திருந்தது. நோட்டு பொய் என்று ஆகிவிட்டது, இனி நான் எதைப் பார்த்து முடிவு செய்வது என்றாள். அங்கே ஆள் இருக்கிறது, டாக்டர் இருக்கிறார். இங்கே மாமா இருக்கிறார். நீயே சொல்.

"அஞ்சு மணிக்குள்ள நான் அவங்களுக்கு போன் பண்ணணும்மா."

அக்கா வாக்கரை இழுத்து எழுந்தாள். தம்பி கை கொடுக்க வந்தவர், பாதியில் நிறுத்திக்கொண்டார். பழக்கம்.

"யோசிச்சுச் சொல்றேன். யாரும் தட்டாதீங்க."

அறைக்குள் போனாள். தாழ்ப்பாள் விழுந்தது. மணி நாலாகப் பத்து நிமிடம் இருந்தது.

9

மகள் பின்பக்க நடைக்குப் போய்ப் பால்கனிக் கதவின் எதிரே நின்றுகொண்டாள். இந்த முறை பெட்டி தப்பிவிடக்கூடாது.

கூடத்தில் ரீடிங்காரர். மேஜை மேல் நோட்டு. என் மேஜையிலும் காகிதம். இரண்டு பேரும் ஒரே கதவைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். முடிவு அந்தப் பக்கம் இருக்கிறது.

எனக்கு முடிவுகளுக்குப் பஞ்சம் இல்லை.

(அ) கதவு திறக்கிறது. அக்கா சொல்கிறாள், நான் என் தம்பி கூடவே இருந்துக்கறேன். மூன்று பேரும் அழுகிறார்கள். மகள் போனில் கட்டில் வேண்டாம் என்று

(ஆ) கதவு திறக்கவில்லை. உடைக்கிறார்கள். ஜன்னல் ஓரம் நாற்காலியில் அக்கா சாய்ந்திருக்கிறாள், முகத்தில் ஒரு

(இ) கதவு திறக்கிறது. கையில் பெட்டியோடு அக்கா. இல்லத்துக்கே போகிறேன், அங்கே என் வயதுக்காரர்கள் இருக்கிறார்கள். தம்பி பெட்டியை வாங்கிக்கொண்டு முதல் முறையாக அவள் கையை

மூன்றையும் முடிக்க முடியும். ஐம்பது வருடம் கதை படித்தவன், பாதிக் கதை எழுதினவன். இந்த மாதிரிக் கதவுகள் எப்படித் திறக்கும் என்று எனக்கு அத்துப்படி. அதுதான் கோளாறு. முந்தைய கதைகள் எல்லாவற்றையும் கூட்டி வகுத்தால் வருகிறவைதான் இந்த மூன்றும். பிரஷர் 130, 80. ஓய்வு.

*

அக்காவைக் கூப்பிட்டுக் கேட்டுவிடலாமா என்று நினைத்தேன். எழுதுகிறவனுக்கு அந்த உரிமை உண்டு என்பார்கள். கதவை வாக்கியத்தால் திறந்துகொண்டு உள்ளே போய், அவள் மனதில் என்ன இருக்கிறது என்று பார்த்து எழுதிவிடலாம். எல்லோரும் செய்கிறார்கள். ஆனால் உள்தாழ்ப்பாள் இல்லை என்றதும் அந்த இல்லத்தில் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாளே, அது நினைவுக்கு வந்துவிட்டது.

10

நாலு மணி.

ரீடிங்காரர் எழுந்தார். தட்டக்கூடாது என்று அவள் சொன்னது ஞாபகம் இருந்தது. ஆனால் கால்களுக்கு நாலு மணி என்பதும் ஞாபகம் இருந்தது. கதவருகே போய் நின்றார். விரல் மடங்கித் தட்டியது. பத்து எண்ணினார். தட்டினார். பத்து. மூன்றாவது தட்டு. ஒன்று, இரண்டு, மூன்று.

எண்ணும்போது தலை குனிந்திருந்தது. கதவுக்கும் தரைக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி. அந்த இடைவெளியில் வாக்கரின் ரப்பர் கால்கள் தெரிந்தன. முன்னிரண்டு பக்கத்தில், பின்னிரண்டு சற்று உள்ளே. கதவை ஒட்டியே நிற்கிறாள். தூங்கவில்லை. எங்கும் போகவும் இல்லை. ஒரு கை தூரத்தில், பலகைக்கு அந்தப் பக்கம், அவள் எண்ணிக்கொண்டிருக்கிறாள் என்று அவருக்குத் தோன்றியது. இவன் மூன்றோடு போகிறானா என்று.

எட்டு. ஒன்பது. பத்து.

விதிப்படி இனி நோட்டுக்குப் போக வேண்டும். பேனா சட்டைப் பையில்தான் இருந்தது. உடம்பு பாதி திரும்பியும் விட்டது.

நாலாவது தட்டு மிக மெதுவாக விழுந்தது. தட்டு என்றுகூடச் சொல்ல முடியாது. உள்ளங்கையைக் கதவில் வைத்தார், அவ்வளவுதான். முப்பத்துநான்கு வருடத்தில் ஒரு மீட்டர் மேல் இருந்த தூசியைக்கூடத் துடைக்காத கை.

"அக்கா."

அவர் அடுத்து என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியாது. பிரஷர் எப்படி இருக்கிறது என்பாரோ என்று பயந்தேன். போகாதே என்பாரோ என்றும் பயந்தேன். அது இன்னும் மோசம்.

"அக்கா, அங்க எதுக்குச் சிரிச்ச?"

ரப்பர் கால்களில் ஒன்று அசைந்தது. அசையாதே என்று ஊருக்கே சொல்லிக்கொண்டிருந்தவளுடையது. முன்னால் வந்ததா, பின்னால் போனதா என்று அந்த இரண்டு விரல் இடைவெளியில் எனக்குத் தெரியவில்லை. ரீடிங்காரர் கையை எடுக்கவில்லை. எண்ணவும் இல்லை.

பத்திரிகைக்காரருக்கு இதை அனுப்பப்போகிறேன். கட்டுரை எங்கே என்பார். நாலு மணிக் கட்டம் ஏன் காலியாக இருக்கிறது என்றும் கேட்பார். அச்சுக்குப் போகும்போது அந்த இடத்தில் ஏதாவது ஒன்றைப் போட்டு நிரப்ப வேண்டாம் என்று அவரிடம் கேட்டுக்கொள்கிறேன். உங்களிடமும்தான். நிரப்பியே ஆக வேண்டும் என்று கை அரித்தால், முதலில் நீங்களும் போய் அந்தக் கதவில் கை வைத்து நில்லுங்கள். பேனாவை வெளியே வைத்துவிட்டுப் போங்கள்.

நான் செருப்பை மாட்டிவிட்டேன். பாத்துக்கோங்க.